பெயர் இல்லாமல் வந்த மன்றாட்டு

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருடங்களாகவே எனக்குள் ஒரு போராட்டம். பேனாவை எடுப்பேன், அந்த ஆள் இதைப் படித்துவிட்டால் மனசு என்ன பாடுபடுமோ என்று பயந்து மூடி வைத்துவிடுவேன். இந்தத் தவக்காலத்தில் ஜெபித்துவிட்டுத் துணிந்து உட்கார்ந்திருக்கிறேன். எட்டாவது வரைதான் படித்தவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் கீழ்வேளூர்ப் பக்கம். சுற்றிலும் வயல், நடுவில் அந்தோணியார் கோயில். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நவநாள் ஜெபம் நடக்கும். ஜனங்கள் தங்கள் மன்றாட்டைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள், பெயர் எழுதுவதில்லை. அதை நவநாளின் நடுவே மைக்கில் வாசிக்க வேண்டும். குரல் கொஞ்சம் கணீரென்று இருப்பதால் எனக்கும், ஃபாதருக்கு உதவியாக இருக்கும் உபதேசியாருக்கும் மாறி மாறி அந்த முறை வரும். வந்த மன்றாட்டு எதையும் தள்ளக் கூடாது என்பது எங்கள் கோயில் வழக்கம். ஆண்டவரிடம் போகிற விண்ணப்பத்தை வடிகட்ட நாம் யார் என்று இருந்தோம்.

கொரோனா சமயத்தில் கோயில் பூட்டிக் கிடந்தபோது இளைஞர் குழுவினர் செல்போனில் ஒரு ஏற்பாடு செய்தார்கள். அந்த லிங்கைத் தொட்டால் ஒரு கட்டம் வரும். அதில் மன்றாட்டை எழுதி அனுப்பலாம். அனுப்பியவர் யார், எந்த நம்பர், எதுவும் எங்களுக்குத் தெரியாது. நாங்கள் பதில் போடவும் முடியாது. கோயில் திறந்த பிறகும் அது தொடர்ந்தது. கையெழுத்தை வைத்து யாரும் கண்டுபிடித்துவிடுவார்களோ என்ற பயம் இல்லாததால், சீட்டில் எழுதக் கூசியதையெல்லாம் ஜனங்கள் அதில் கொட்டினார்கள். குடித்துவிட்டு அடிக்கிற புருஷன், குழந்தை இல்லாத ஏக்கம், வெளியே சொல்ல முடியாத வியாதி. நல்ல காரியம் என்றுதான் நினைத்தேன்.

ஒரு மழைக்காலச் செவ்வாய். உபதேசியார் முறை. வந்ததை வரிசையாக வாசித்துக்கொண்டு போனவர் இதையும் வாசித்துவிட்டார்: "குளத்துக்குப் பின்னாலேருந்து நாகப்பட்டினத்துக்கு நர்சிங் படிக்கப் போற பிள்ளை, பஸ்ஸுல பசங்களோட சுத்துற கெட்ட வழிய விட்டுத் திருந்தணும்னு மன்றாடுவோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று பழக்கதோஷத்தில் எல்லோரும் சொல்லிவிட்டோம். சொன்ன பிறகுதான் உறைத்தது. குளத்துக்குப் பின்னால் நர்சிங் படிக்கிறவள் ஒருத்திதான். அவள் அங்கேயே பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தாள். எழுந்தாள். யாரையும் பார்க்காமல் மழையில் இறங்கிப் போய்விட்டாள்.

அடுத்த செவ்வாய் என் முறை. நவநாளுக்கு முன்னால், பீடத்துக்குப் பக்கத்து அறையில் நின்று, வந்தவற்றைச் செல்போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றில் கண் நிலைகுத்தி நின்றது.

"இதுதான் என் கடைசி மன்றாட்டு. நாளைக்கு நான் இருக்க மாட்டேன். இப்படிப் போறவங்களுக்குக் கோயில் மணி அடிப்பீங்களா?"

ஊரில் யார் செத்தாலும் கோயில் மணி அடிப்போம், தானாக உயிரை விட்டவர்களுக்கு அந்தக் காலத்தில் அடிக்க மாட்டார்கள். உபதேசியாரிடம் காட்டினேன். மனிதருக்கு முகத்தில் ரத்தமே இல்லை. "அந்தப் பிள்ளதாம்மா. நான் வாசிச்சதுதான் அவள இங்க கொண்டு வந்து விட்ருக்கு" என்றார். குடையைக்கூட எடுக்காமல் இரண்டு பேரும் குளத்தங்கரைச் சேற்றில் ஓடினோம்.

வாசலில் அவள் அப்பா நின்றார். எங்களைப் பார்த்ததும், "போன வாரம் மைக்குல மானத்த வாங்குனீங்க. இந்த வாரம் பொணம் தூக்க வந்தீங்களா?" என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது, கோபத்தில் சொன்ன வார்த்தைதான். "பிள்ள எங்கண்ணே?" என்று கத்தினேன்.

சப்பாத்தி மாவு ஒட்டிய கையோடு அவள் உள்ளேயிருந்து வந்தாள். ஓடிப் போய்க் கட்டிக்கொண்டேன். செல்போனை வாங்கிப் படித்தவள், "இது நான் இல்ல அத்தை. எவனோ எழுதுனதுக்கு நான் எதுக்குச் சாகணும்?" என்றாள். 'மாதாவே, உமக்குத் தோத்திரம்' என்று நான் நெஞ்சில் கை வைப்பதற்குள் அவளே கேட்டாள்.

"அப்ப இது யாரு?"

வந்த நிம்மதி அப்படியே போய்விட்டது. யாரோ ஒருவர் எங்கேயோ சாவதற்கு உட்கார்ந்திருக்கிறார். நாங்கள் தப்பான வீட்டு வாசலில் நிற்கிறோம்.

அவள் கையைக் கழுவிக்கொண்டு செருப்பை மாட்டினாள். "எங்க போற? அந்தக் கோயிலுக்கா?" என்றார் அப்பா. "வந்து திட்டு வாங்கிக்கிறேன்பா" என்று சொல்லிவிட்டு எங்களுக்கு முன்னால் நடந்தாள்.

நாங்கள் கோயிலுக்கு வந்தபோது ஃபாதர் அப்போதுதான் பைக்கில் வந்து இறங்கினார். விஷயத்தைக் கேட்டதும் போலீசுக்குச் சொன்னார். விசாரிக்கிறோம், நேரமாகும் என்றார்கள். இளைஞர் குழுத் தலைவருக்குப் போன் போட்டோம். "அது யாருன்னு காட்டாது ஃபாதர். காட்டக் கூடாதுன்னுதான அத வெச்சோம்" என்றார்.

என்ன செய்வதென்று தெரியாமல் அந்தோணியாரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் மனசில் பட்டது. மணியைப் பற்றிக் கேட்கிறவர், மணிச் சத்தம் எட்டுகிற இடத்தில்தான் இருப்பார். மணி எட்டுகிற இடத்துக்குக் கோபுரத்தில் கட்டியிருக்கும் எங்கள் குழாய் ஸ்பீக்கரும் எட்டும். ஃபாதரிடம் சொன்னேன். "நீங்களே பேசுங்கம்மா. நான் பேசுனா பிரசங்கமாயிடும்" என்றார்.

"வந்ததை வாசிக்காதீங்க அத்தை" என்று அவள் என் கையைப் பிடித்தாள். "போன வாரம் எனக்கு ஆனது அவங்களுக்கும் ஆகிடும்."

அதனால் இவ்வளவுதான் சொன்னேன்: "எங்களுக்கு ஒரு மன்றாட்டு வந்துருக்கு. அனுப்புனவங்களே, உங்களுக்குத்தான் சொல்றேன். நீங்க யாருன்னு கேக்க மாட்டோம். நான் பேசுறது கேக்குதுன்னு ஒரு வார்த்தை மட்டும் போடுங்க. அதுவரைக்கும் இங்கேருந்து எந்திரிக்க மாட்டோம்."

ஜெபமாலையைத் தொடங்கினோம். செல்போனை அவளிடம் கொடுத்திருந்தேன். வெளியே மழை. ஜனங்கள் வாயால் ஜெபம் சொன்னாலும், யார் யார் வரவில்லை என்று கண்கள் தேடிக்கொண்டிருந்தன. ஃபாதர் அதைக் கவனித்துவிட்டு, "கண்ண மூடிக்கிட்டு வேண்டுங்க" என்று அதட்டினார். பத்து அருள்நிறை மரியே சேர்ந்த ஒரு தேவரகசியம் முடிந்தது, அடுத்ததும் முடிந்தது. ஒன்றும் வரவில்லை.

பிறகு செல்போன் சத்தம் கேட்டது. ஓடினேன்.

"நான்தான் அனுப்புனேன். சும்மா விளையாட்டுக்கு. எல்லாரும் வீட்டுக்குப் போங்க." பின்னால் சிரிக்கிற பொம்மை முகங்கள்.

முன்வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டார்கள். "நல்லா வெச்சு வெளாடுறாங்க. அடுப்புல ஒலைய ஏத்திட்டு வந்தேன்" என்று ஒருத்தி முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். இன்னும் சிலர் எழுந்தார்கள். உண்மையைச் சொன்னால், எனக்கும் அதை நம்பிவிட ஆசையாகத்தான் இருந்தது. அவள்தான் திரும்பத் திரும்பப் படித்துவிட்டுச் சொன்னாள்: "இதுல மணியப் பத்தி ஒண்ணுமே இல்ல அத்தை. நாம மைக்குல சொன்னதுதான் இருக்கு. இது வேற ஆளா இருந்தா?"

பெயர் இல்லாத இடத்தில் யார் வேண்டுமானாலும் யாராகவும் பேசலாம் அல்லவா. மறுபடியும் மைக்கைப் பிடித்தேன். "விளையாட்டுன்னு ஒருத்தவங்க போட்ருக்காங்க. எங்களுக்கு நம்பிக்கையில்ல. நெசமா அனுப்புனவங்களே, நாங்க போயிட்டோம்னு நெனச்சிடாதீங்க. இங்கதான் இருக்கோம்."

எழுந்தவர்களில் பாதிப் பேர் உட்கார்ந்தார்கள். மீண்டும் ஜெபம். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஒவ்வொரு அருள்நிறை மரியேயும் யாரோ ஒருவருடைய மூச்சைப் பிடித்து நிறுத்துவதுபோல் இருந்தது.

"அத்தை!"

அவள் நீட்டிய செல்போனில் இருந்தது: "மணி பத்திக் கேட்டது நான்தான். நிறுத்தாதீங்க. கேட்டுக்கிட்டு இருக்கேன்."

பீடத்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஃபாதர் மைக்கை வாங்கினார். பிரசங்கம் செய்யவில்லை. "நீங்க கேட்டதுக்குப் பதில் சொல்றேன். நீங்க எப்பவும் எங்க பிள்ளதான், அதுல மாத்தமில்ல. ஆனா அந்தப் பதிலுக்கு இன்னிக்கு வேலை வேண்டாம். பக்கத்துல யாரு இருக்காங்களோ, அவங்களக் கூப்புட்டு இப்பவே சொல்லுங்க. ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா வண்டி நிக்குது. எந்த வாசலுக்கு வரணும்னு மட்டும் போடுங்க" என்றார். மன உளைச்சலில் இருப்பவர்கள் பேசுவதற்கான உதவி எண்ணையும் மெதுவாக, ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார்.

நாங்கள் நிறுத்தவில்லை. ஜெபமாலை முடிந்து, தெரிந்த பிரார்த்தனைகள் எல்லாம் முடிந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கியபோது கடைசிச் செய்தி வந்தது.

"வீட்டுல சொல்லிட்டேன். கையப் புடிச்சுக்கிட்டு உக்காந்துருக்காங்க. நீங்க எல்லாரும் போய்ச் சாப்புடுங்க."

போன வாரம் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் வெளியே போன அந்தப் பெண், இதைப் படித்துவிட்டுச் சத்தம் போட்டு அழுதாள். உபதேசியார் அவள் முன்னால் கைகூப்பி நின்றார். அவள் அழுகையோடே அவர் கையை இறக்கிவிட்டாள்.

மறுநாள் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். எந்த வீட்டிலிருந்தும் கெட்ட சேதி வரவில்லை. அவர் யார் என்று இன்றுவரை தெரியாது. பழி எழுதியது யார், விளையாட்டென்று எழுதியது யார் என்பதும் தெரியாது.

அந்த லிங்கை மூடிவிட வேண்டும் என்று பங்குக் கூட்டத்தில் பெரிய சத்தம். அவள் அப்பாதான் முன்னால் நின்றார். "மூடிட்டா, அடுத்த தடவ அவங்க யாருகிட்டப்பா சொல்வாங்க?" என்று மகள் கேட்டதும் அவரும் உட்கார்ந்துவிட்டார். இப்போது இரண்டு பேர் முதலில் படித்துப் பார்க்கிறோம். அடுத்தவர்மேல் விரல் நீட்டுகிற எதையும் மைக்குக்குக் கொண்டுபோவதில்லை. பழைய வழக்கத்தை மாற்றியதற்காக ஆண்டவர் கோபிக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

பூசையில் சமாதானம் சொல்லும்போது பக்கத்தில் இருப்பவருக்கு முன்பெல்லாம் சும்மா கைகூப்புவேன். இப்போது முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன். இவராகவும் இருக்கலாம் அல்லவா.

இதைப் படிப்பவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கூட்டாமல் குறைக்காமல் இப்படியே சொல்லுங்கள். அது இன்ன ஊராம், இன்ன வீடாம் என்று யாருடைய பெயரையும் சேர்த்துவிடாதீர்கள், ஏனென்றால் பெயர் கேட்க மாட்டோம் என்று நாங்கள் கொடுத்த வார்த்தையை நம்பித்தான் ஒருவர் இன்றும் எங்கள் நடுவில் உயிரோடு இருக்கிறார்.