முன்பெஞ்சில் அப்பாவின் இடம்

எங்கள் பாஸ்டர் ஓசெல் டர்ன்போவுக்குப் பயம் என்பதே கிடையாது. அதனால் பயப்படும் வேலையெல்லாம் எங்கள் தலையில் விழுந்தது.

எண்பத்தொன்பதாம் வருஷம் ஆகஸ்டில், மூன்று ஞாயிறு தொடர்ந்து ஒரு பழைய டிரக் எங்கள் கறுப்பர் சபைக் கட்டடத்துக்கு எதிரே, பருத்திக்காட்டு ஓரமாக வந்து நின்றது. உள்ளே ஒரு வெள்ளைக்காரக் கிழவன். இறங்க மாட்டான்; ஆராதனை முடியும்வரை எங்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பான். அறுபத்து நாலில் இதே மிசிசிப்பியில் எங்கள் சபையை எரித்தவர்களும் முதலில் இப்படித்தான் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பீடத்து பைபிளை எடுக்க உள்ளே ஓடிய என் அப்பா வெளியே வரவில்லை. புதுச் சபை கட்டிய நாளிலிருந்து முன்பெஞ்சில் என் பக்கத்து இடம் அவருடையது. யாரையும் உட்கார விட்டதில்லை.

நான்காம் ஞாயிறு, சபைப் பொறுப்பாளரான டீக்கன் ஹோசியா கோட்டுக்குள் துப்பாக்கியோடு வந்தார். பாஸ்டரோ நேராக டிரக்கை நோக்கி நடந்தார்.

"பாஸ்டரய்யா, கிட்டப் போகாதீங்க! உங்களுக்கென்ன கிறுக்கா?" என்று கத்தினார் ஹோசியா.

"மூணு வாரமா வெயில்ல காயிறான் மனுஷன். உள்ள வாங்கன்னு ஒருத்தராவது சொன்னீங்களாய்யா? நீ அந்த இரும்ப வண்டியில வச்சிட்டு வா. பாட்டுக்கு அது தாளம் போடாது."

அன்று, இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல ஒருவர் காலை ஒருவர் கழுவும் கால் கழுவும் ஞாயிறு. பெஞ்சில் பக்கத்தில் இருப்பவரின் காலைத்தான் கழுவ வேண்டும், ஆளைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. ஆண்கள் பக்கம் காலியாக இருந்தது ஒரே இடம், அப்பாவுடையது. பாஸ்டர் கூட்டிவந்த கிழவன் மூச்சிரைக்க அதில் வந்து உட்கார்ந்தான். நான் பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்துகொண்டேன்.

தண்ணீர்ப் பாத்திரத்தோடு நான் மண்டியிட்டதும் அவன் காலை இழுத்துக்கொண்டான்.

"என் பேரு கார்விஸ் ஹன்னிகட். தொடுறதுக்கு முன்னால தெரிஞ்சுக்க. அன்னிக்கு மண்ணெண்ணெய் டின்ன தூக்கிட்டு வந்தது நான்தான்."

ஹோசியாவின் கை கோட்டுக்குள் போனது. துப்பாக்கியை அவர் வண்டியில் வைக்கவே இல்லை. அவர் கண் என்மேல் இருந்தது. நான் தலையசைத்தால் போதும். அசைக்க வேண்டும் போலத்தான் இருந்தது.

பாஸ்டர் தோளில் துண்டோடு இருவருக்கும் நடுவில் வந்து நின்றார். "லெமுவேல், தண்ணி ஆறுதுப்பா."

ஒரு காலைக் கழுவினேன். மறு காலைத் தொட முடியவில்லை. பாஸ்டரே மண்டியிட்டு அதைக் கழுவினார். பிறகு எண்ணெய் தொட்டு, இரைத்துக்கொண்டிருந்த அவன் நெஞ்சில் வைத்து, சுகம் கேட்டு ஜெபித்தார். கிழவன் அழுதான்.

அடுத்த ஞாயிறும் வந்தான். யாரையும் கேட்காமல் அப்பாவின் இடத்தில் உட்கார்ந்தான். லெமுவேல் மன்னித்துவிட்டான் என்று பாஸ்டர் ஊரெல்லாம் சொல்கிறார். நான் மன்னிக்கவில்லை. அடுத்த கால் கழுவும் ஞாயிறுக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. ஹோசியா இந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றுவதில்லை.