கொள்ளிட மணலில் முப்பது மீட்டர்

கொள்ளிடத்தில் தண்ணீர் வருவதென்றால் முதலில் காவேரி நிரம்ப வேண்டும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். வெளியில் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஸ்ரீரங்கத்தில் பிறந்து ஐம்பத்திரண்டு ஆடிப்பெருக்கு பார்த்தவன் நான். இரண்டு ஆற்றுக்கு நடுவில் குடியிருப்பதால் இங்கே எல்லோருமே அரைகுறை இஞ்சினியர்கள்தான். முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. வயலுக்குப் போகிற காவேரிக்குத்தான் முதல் பந்தி, மிச்சம் மீதிதான் கொள்ளிடத்துக்கு என்பது எங்கள் கணக்கு. அதனால் சாயங்காலம் காவேரிக் கரை அம்மா மண்டபத்துக்குப் போய், எத்தனை படி முழுகியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து, தெருவுக்கே வெள்ள நிலவரம் சொல்வேன்.

இந்த முட்டாள்தனம் தனியாக இருந்திருந்தால் யாருக்கும் கெடுதல் இல்லை. கூடவே இன்னொன்றும் சேர்ந்தது. எனக்கு நீளம் தாண்ட ஆசை வந்துவிட்டது.

முந்தின வருஷம் மூத்தோர் தடகளப் போட்டி ஒன்றில் கலந்துகொண்டேன். ஓடி வந்தேன், எகிறினேன், மணல் குழிக்கு ஒரு முழம் முன்னாலேயே இறங்கிவிட்டேன். யாரோ அதைப் படம் பிடித்துவிட்டார்கள். நான் வீடு வந்து சேர்வதற்குள் லால்குடியில் இருக்கும் மச்சினி போன் பண்ணி, "அத்திம்பேர், முட்டி சௌக்கியமா?" என்று கேட்டாள்.

அதே போட்டியில் நூறு மீட்டர் ஓட்டத்தில் ஐந்து பேரில் ஐந்தாவதாக வந்தவர் பாய். திருச்சி டவுனில் ஸ்பானர், ஆணி விற்கிற கடை வைத்திருக்கிறார். சவூதியில், தம்மாமில் பதினெட்டு வருஷம் இருந்தவர். என் வயதுதான், என்னைவிட ஒரு ஜாண் குள்ளம். தோற்றவர்கள் இருவரும் ஒரே மரத்தடியில் உட்கார்ந்து மோர் குடித்ததில் சிநேகிதமாகிவிட்டோம்.

"சாமி, மணல்ல ஓடிப் பழகுனா தரையில பறக்கலாம்," என்றார் பாய். போனில் பார்த்தாராம்.

அப்படித்தான் கொள்ளிடத்தில் இறங்கினோம். வாரம் மூன்று நாள், விடிந்ததும் பாய் ஸ்கூட்டரில் பாலம் தாண்டி வந்துவிடுவார். கரையிலிருந்து இறங்கி, ஒரு பள்ளத்தைக் கடந்து, நாணலைத் தாண்டி நடந்தால் நடு ஆற்றில் நல்ல வெள்ளை மணல். முப்பது மீட்டர் ஓட்டம் ஆறு தடவை. பிறகு தவளை மாதிரி குதித்துக் குதித்துப் போவது. கடைசியாக, முழங்கால் உயரக் கல்லின் மேலிருந்து கீழே குதித்து, கால் தரையில் பட்ட கணமே மேலே எகிறுவது. இதற்கு முன்னால் இரண்டு மாதம் காலைப் பலப்படுத்த வேண்டும் என்று வீடியோவில் சொல்லியிருந்தார்களாம். முன்னுரையை ஓட்டிவிட்டுப் பார்ப்பது என் பழக்கம்.

மூன்றாவது வாரத்தில் காலையில் எழுந்தால் குதிகாலுக்கு மேலே விறகுக்கட்டையாக இருந்தது. மாடிப்படியில் நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்கினேன். "என்ன நடை இது?" என்று கேட்ட மனைவியிடம், "சதை வளர்றது," என்றேன். தைலம் தேய்த்துக்கொண்டு மறுபடியும் குதித்தேன்.

நான் சொல்ல வந்த நாளுக்கு முந்தின சாயங்காலம் தெருவில் ஒரு ஆட்டோ மைக்கில் ஏதோ சொல்லிக்கொண்டே போயிற்று. உள்ளே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

"என்னமோ சொல்லிண்டு போறானே, கேட்டேளா?" என்றாள் மனைவி.

"காவேரிக்கா இருக்கும். நான் இப்பத்தானே பார்த்துட்டு வரேன், பாதிப் படி வெளியிலதான் இருக்கு," என்றேன். பேச்சு முடிந்தது.

மறுநாள் காலை ஆற்றில் ஒருவரும் இல்லை. வழக்கமாக ஆடு ஓட்டிக்கொண்டு வருகிறவர் இல்லை. துணி காயப் போடுகிறவர்களின் கயிறுகூட இல்லை, கம்புகளைப் பிடுங்கிய குழிகள் மட்டும் இருந்தன. மழை இல்லாமலேயே ஈர மண் வாசனை வந்தது.

"ஆட்டுக்காரரக் காணோமே சாமி."

"அவருக்கு மட்டும் லீவு வேண்டாமா பாய்? கிரவுண்டு முழுக்க நமக்குத்தான்."

மூளை என்று ஒன்று இருந்தால் அந்தக் குழிகளைப் பார்த்ததுமே திரும்பியிருப்பேன். நான் சந்தோஷப்பட்டேன்.

கல்லிலிருந்து நாலாவது தடவை குதித்து எகிறியபோது, காய்ந்த தென்னை மட்டை ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். பின்னங்காலில் பளீரென்று ஒரு அடி. கீழே விழுந்துகொண்டே கத்தினேன்: "ஏன் பாய் கல்லால அடிச்சீங்க?"

பாய் எனக்கு முன்னால் இருபது அடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். பின்னால் திரும்பிப் பார்த்தேன். மணல்தான் இருந்தது.

எழுந்திருக்கப் பார்த்தேன். பாதம் யாருடையதோ மாதிரி தொங்கியது. அப்போதுதான் கரையிலிருந்து மைக் சத்தம் வந்தது. இந்தத் தடவை மிக்ஸி இல்லை. முக்கொம்பிலிருந்து கொள்ளிடத்தில் தண்ணீர் திறந்துவிட்டார்கள், யாரும் ஆற்றில் இறங்க வேண்டாம்.

பாய் என்னைப் பார்த்தார். நான் மேற்கே பார்த்தேன். எங்கள் பெருமாளும் ஆற்றுக்கு நடுவில்தான் படுத்திருக்கிறார். ஆனால் அவருக்கு ஆதிசேஷன் இருக்கிறான். என்னிடம் இருந்தது ஒரு துண்டு.

"பாய், நீங்க போங்க," என்றேன். போய்விடாதீர்கள் என்று கெஞ்சுகிற குரலில் அதைச் சொன்னேன்.

"போய் உங்க வீட்டுல என்ன சொல்றதாம்? மணல்ல காயப் போட்டுட்டு வந்திருக்கேன்னா?" என்று முதுகைக் காட்டிக் குனிந்தார். "ஏறுங்க."

"எண்பத்திநாலு கிலோ, பாய்."

"தம்மாம்ல சிமெண்ட் மூட்டை தூக்கினவன் நான். ஒரு வித்தியாசம்தான் சாமி, அது வாயத் தொறக்காது."

ஏறிக்கொண்டேன். ஒவ்வொரு அடிக்கும் அவர் கால் கணுக்கால்வரை புதைந்தது. மணலில் ஓடினால் பலம் வரும் என்று சொன்னவருக்கு அந்தப் பலம் முழுவதும் அன்றைக்கே தேவைப்பட்டது. எனக்குத் தெரிந்த சுலோகமெல்லாம் வரிசை கெட்டு வாயில் வந்தது.

"மெதுவாக் கூப்பிடுங்க சாமி, காது வலிக்குது. பெருமாளுக்கு நல்லாவே கேக்கும்."

நான் மேற்கையே பார்த்துக்கொண்டு வந்தேன். சினிமாவில் வருகிற மாதிரி ஒரு சுவராக, இரைச்சலோடு வரும் என்று நினைப்பு. அங்கே மணலும் வெயிலும்தான். "இன்னும் வரல பாய், இன்னும் வரல," என்று நிலவரம் சொல்லிக்கொண்டிருந்தேன். நாணலைத் தாண்டியதும் பாய் நின்றுவிட்டார்.

தண்ணீர் எங்களுக்கு முன்னால் இருந்தது. கரைக்கும் எங்களுக்கும் நடுவில், காலையில் செருப்போடு கடந்து வந்த அந்தப் பள்ளத்தில், சத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. நுரை, வைக்கோல், ஒற்றைச் செருப்பு. தாழ்ந்த இடத்தைத் தேடி, எங்களைச் சுற்றிக்கொண்டு போய், முதலில் அங்கே நிரம்பியிருந்தது.

"எவ்வளவு ஆழம் சாமி அந்தப் பள்ளம்?"

"முழங்கால் அளவு இருக்கும்."

"உங்க முழங்காலா, என் முழங்காலா?"

நின்றுகொண்டிருந்தபோதே நுரை ஒரு முழம் எங்கள் பக்கம் ஏறியது. பாய் ஏதோ முணுமுணுத்துவிட்டு இறங்கினார். நடுவில் அவர் தொடைக்கு மேல் வந்துவிட்டது. ஒருமுறை தள்ளாடினார், என் தொங்கின கால் தண்ணீரில் இழுபட்டு, நான் போட்ட அலறலில் கரையில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஓடி வந்து இறங்கி, வேட்டியை முறுக்கி வீசினார்கள். பாய் அதைப் பிடித்தார். நான் பாயைப் பிடித்தேன்.

"பெரிய மனுஷங்களாத் தெரியுது, நேத்துலேருந்து கத்துறோமே, காதுல விழலியா?" என்று ஒருவர் திட்டினார்.

"காவேரி இன்னும் நிரம்பலையே," என்றேன், மண்ணில் கிடந்தபடி.

"அந்தப் பக்கம் மதகு வேலை நடக்குதுங்க. வர்ற தண்ணி மொத்தமும் இங்கதான்."

பாய் கரையில் குப்புறப் படுத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

என் குதிகாலுக்கு மேலிருக்கும் தசைநார் இரண்டாக அறுந்திருந்தது. மறுநாள் ஆப்பரேஷன் பண்ணித் தைத்தார்கள். பாய் என்னைச் சுமந்து நடந்தது முந்நூறு மீட்டருக்கு மேல் இருக்கும். நாங்கள் கரையேறிக் கால் மணி நேரத்தில் அந்தப் பள்ளத்தில் ஆள் முழுகும் ஆழம் வந்துவிட்டது.