அக்கா கை நனைத்த வெள்ளிக்கிழமை

கர்த்தரண்டை போய்ச் சேர்ந்து ஒரு வருடமாகும் எங்கள் அக்காவைப் பற்றி எழுத, இந்த நினைவு மலரில் எனக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறான் அவர் மகன். "நல்லதா எழுதுங்க சித்தி" என்று வேறு சொல்லிவிட்டுப் போனான். நல்லதாகத்தான் எழுதப்போகிறேன். அக்காவுக்கு நல்லது, எனக்கு அவ்வளவு நல்லதல்ல.

அக்கா பிறந்தது சங்கரன்கோவிலில். அப்பாவுக்குச் சிறிய ஜவுளிக்கடை. அம்மா சீக்கிரமே இறந்துவிட்டதால், என்னையும் என்னைவிட ஒன்றரை வயது மூத்த அக்காவையும் மிஷன் பள்ளி போர்டிங்கில் சேர்த்தார். நாற்பதுகளின் கடைசி அது. அரிசிக்கு ரேஷன் இருந்த காலம். முதல் நற்கருணைக்கு முன் நடக்கும் திடப்படுத்தல் வகுப்பில் கேள்வி முடியுமுன் நான் பதில் சொல்லிவிடுவேன். அக்காவுக்கு மனப்பாடம் வராது. திருதிருவென்று விழிப்பார்.

போர்டிங் டீச்சரம்மாவுக்கு வகுப்பறைப் படிப்பில் அவ்வளவு நம்பிக்கை கிடையாது. விசுவாசம் காலில் நடந்து வரவேண்டும் என்பார். ஈஸ்டருக்கு முந்தின லெந்து கால வெள்ளிக்கிழமைகளில், திடப்படுத்தலுக்கு ஆயத்தமாகும் பிள்ளைகள் மாலை ஜெபம் வரை ஒன்றும் சாப்பிடக்கூடாது. அந்த வேளைக்குரிய அரிசியை நாங்களே சுமந்துபோய், சோற்றுக்கு இல்லாத வீட்டில் கொடுத்து ஜெபித்துவிட்டு வரவேண்டும். உபவாசத்தை ஒருமுறை விட்டாலும் அந்தத் தடவை திடப்படுத்தல் இல்லை, நற்கருணையும் இல்லை. திடப்படுத்தல் கொடுக்கிற பேராயர் எங்கள் பக்கம் வருவதோ இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை.

கடைசி வாரத்துக்கு முந்தின வெள்ளி. நாங்கள் நான்கு பேர், கரிவலம்வந்தநல்லூர் போகிற பாதையில் கரிசல் காட்டுக்குள் இறங்கி, ஒதுக்குப்புறமான ஒரு தெருவுக்குப் போனோம். சாதியின் பேரால் ஊர்க்காரர் யாரும் கால் வைக்காத தெரு. மழை பொய்த்த வருடம். மூன்று குழந்தைகளோடு தனியே இருந்த ஒரு பெண்ணிடம் அரிசியைக் கொடுத்துவிட்டு, மற்ற வீடுகளில் ஜெபிக்கப் போனோம். விடைபெற்றுக்கொள்ளத் திரும்பி வந்தபோது, இரவல் வாங்கிய நான்கு தட்டுகளில் சோறு ஆவி பறக்க இருந்தது. கொடுத்த அரிசி முழுவதையும் எங்களுக்கே பொங்கியிருந்தார். குழந்தைகள் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தன.

"வெயில்ல வந்திருக்கீய. நெல்லுச்சோறு ஆக்கியிருக்கேன், உக்காருங்கம்மா" என்றார்.

நான்தான் முந்திக்கொண்டு, இன்று எங்களுக்கு உபவாசம், சாப்பிட மாட்டோம் என்றேன். அந்தச் சொல் அவருக்குப் புரியவில்லை. சாப்பிட மாட்டோம் என்றது மட்டும் நன்றாகப் புரிந்தது. முகம் சுண்டிப்போயிற்று.

"எங்க வீட்டுல கை நனைக்க மாட்டீயளோ தாயி?"

அக்கா ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "ஏன் நனைக்காம? கை கழுவத் தண்ணி தாங்க அத்தே" என்று சொல்லித் தரையில் உட்கார்ந்தார். அப்பாவின் தங்கையைத் தவிர யாரையும் நாங்கள் அத்தை என்று அழைத்ததில்லை. குழந்தைகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, நான்கு தட்டுச் சோற்றையும் அவர்களுக்கும் தனக்குமாகப் பங்கிட்டு, ரசித்துச் சாப்பிட்டார். அந்தப் பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கோயில் ஆராதனையில்கூட எனக்கு அப்படி ஆனதில்லை. ஆனாலும் நான் உட்காரவில்லை. மற்ற இரண்டு பேரும் உட்காரவில்லை. பசியைவிடப் பயம் பெரிதாக இருந்தது.

திரும்பும் வழியில், நாங்கள் மூவரும் வாய் திறக்கமாட்டோம், நீயும் திறக்காதே என்று கெஞ்சினேன். "சாப்பிட்டத சாப்பிடலன்னா சொல்லச் சொல்லுத?" என்று கேட்டார் அக்கா. மாலை ஜெபத்தில் எழுந்து சொல்லியும் விட்டார். டீச்சரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் ஒரு பிள்ளைக்கு விலக்குக் கொடுத்தால் எல்லாருக்கும் கொடுக்கவேண்டும் என்று குருவானவர் மறுத்துவிட்டார். பட்டியலில் அக்காவின் பெயரை அடித்துவிட்டார்கள். செய்தி கேட்ட அப்பா அன்று கடை திறக்கவில்லை. என்னையோ, உபவாசத்தை விடாத பிள்ளை என்று எல்லார் முன்னிலையிலும் பாராட்டினார்கள்.

நான் வெள்ளைச் சேலையில் முழங்காலிட்டு முதல் நற்கருணை எடுத்த ஞாயிறன்று, அக்கா பின்வரிசையில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார். ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"அழாத ஏட்டி. எனக்கு வெள்ளிக்கெழமையே கெடைச்சிட்டு" என்றார்.

வகுப்பில் நான் மனப்பாடமாக ஒப்பித்த எந்தப் பதிலிலும் அது இல்லை. இன்றைக்கும் நினைத்தால் சிலிர்க்கிறது.

அக்கா மூன்று வருடம் காத்திருந்து நற்கருணை எடுத்தார். சிவகிரிப் பக்கம் ஆசிரியையாக இருந்தார். அத்தானைச் சிறு வயதிலேயே இழந்து, இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்த்தார். சனிக்கிழமைதோறும் மாணவிகளைக் கிராமங்களுக்கு அழைத்துப்போவார். போகிற வீட்டில் என்ன கொடுத்தாலும் முதலில் சாப்பிட்டுவிட்டு, அப்புறம் ஜெபிக்கவேண்டும் என்பது அவர் சட்டம். என்னை மட்டும் கடைசிவரை "பட்டினி மகாராணி" என்று கூப்பிட்டார். வாங்கிக்கொள்ளவேண்டிய பெயர்தான்.

இடுப்பு எலும்பு முறிந்து கிடந்த எட்டு மாதமும் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட மருமகளுக்கும், தூக்கி உட்காரவைக்க ஓடிவந்த பக்கத்து வீட்டாருக்கும், ஜெபித்த சபையாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நினைவு ஆராதனை முடிந்ததும் பந்தி இருக்கிறது. யாரும் சாப்பிடாமல் போய்விடாதீர்கள். இந்தத் தடவை முதல் ஆளாக நான் உட்காருகிறேன்.