பாதி விலைப் பேய்

என் மருமகள் தன் புத்தகத்துக்குத் தானே ஒற்றை நட்சத்திரம் குத்திக்கொண்டு, பழியைத் தையல்காரி தலையில் போட்டாள் என்று சொல்கிறீர்களே, அந்தப் பேச்சை முதலில் நிறுத்துங்கள். மாடி வீட்டம்மாவுக்கு மருந்துக்கடைக்காரர் சொன்னாராம், மருந்துக்கடைக்காரருக்குத் தையல்காரியே சொன்னாளாம். என் மருமகள் வாயிலிருந்து வந்தது ஒன்றே ஒன்றுதான்: அந்த நட்சத்திரம் எங்கள் வீட்டிலிருந்துதான் போனது என்று. எங்கள் வீட்டில் மூன்று பேர் இருக்கிறோம். மூன்றாவது ஆளிடம் யாரும் வந்து கேட்கவே இல்லை.

பொறாமைக்காரி என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். பக்கத்து வீட்டுச் செடியில் ஒரு மொட்டு கூடுதலாக இருந்தாலே இரண்டு நாள் முகம் தொங்கிவிடும் அவளுக்கு. ஆனால் பொறாமை வேறு, பொய் வேறு. அவளுக்குப் பொய் சொல்ல வராது. சலவைக் கடையில் முதலாளி “நாளைக்குத் தயாராகிடும்னு சொல்லும்மா” என்று சைகை காட்டினாலும், இவள் வந்தவரைப் பார்த்து, “நாளைக்கு ஆகாதுங்க, மெஷின் கெட்டுக் கெடக்கு” என்று சொல்லிவிடுவாள்.

அந்தக் கடையில் துணி வாங்கி, எண் எழுதிய துண்டுச்சீட்டை ஊக்கால் குத்தி, பைகளைத் துழாவிப் பார்த்து உள்ளே அனுப்புவது அவள் வேலை. பதினாறு வருஷமாக ஊரார் பைகளில் கை விடுகிறாள். பேருந்துச் சீட்டு, கழன்ற பொத்தான், பிரிக்காத கடிதம், ஒருமுறை ஒரு குழந்தையின் பால் பல். அந்தப் பல்லைப் பார்த்த அன்றுதான் கதை பிடித்துக்கொண்டது என்பாள். யாரும் கொண்டுவந்து கொடுக்காத ஒரு சட்டை திங்கட்கிழமை தோறும் கடைக் கொக்கியில் வந்து தொங்கும். எத்தனை முறை துவைத்தாலும் அதன் கழுத்துப்பட்டியில் ஈரம் காயாது. அதுதான் கதை. ரசீதுகளின் பின்பக்கத்தில் இரண்டு வருஷம் எழுதினாள். ‘ஈரம் காயாத சட்டை’ என்று பெயர் வைத்தாள்.

எனக்கு எழுத்துத் தெரியாது. இரவுச் சமையல் ஆகும்வரை எனக்கு வாசித்துக் காட்டுவாள். ஆனால் அதே பக்கத்தை அன்று மதியச் சாப்பாட்டின்போதே எதிர்க்கடைத் தையல்காரி கேட்டிருப்பாள். என் வீட்டுப் பேய் எனக்கு முன்னால் அவளைப் பயமுறுத்திவிட்டு வருவதில் எனக்கு வருத்தம். வருத்தம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன்.

பதிப்பகத்துக்காரர்கள் யாரும் பதில் போடவில்லை. போனில் இருக்கிற புத்தகக் கடையில் அவளே ஏற்றினாள். படித்தவர்கள் நட்சத்திரம் போட்டு இரண்டு வரி எழுதினால்தான் அந்தக் கடை புத்தகத்தை முன்வரிசையில் காட்டுமாம். இல்லாவிட்டால் குவியலின் அடியில் போய்ச் சேர்ந்துவிடும். அன்றிலிருந்து பார்ப்பவர்களிடமெல்லாம் “ஸ்டார் போடுங்க, ஸ்டார் போடுங்க” என்பதே அவளுக்குப் பேச்சு. ஆனால் எங்களிடம் மட்டும் கண்டிப்பு. “வீட்டு ஆளுங்க யாரும் போடக்கூடாது. நான் பயமுறுத்தி வாங்குனதாத்தான் இருக்கணும்.”

விளம்பரமும் அவளே. மூன்று சட்டை துவைக்கக் கொடுத்தால் நாவல் பாதி விலை. துவைத்து மடித்த துணியில் எண் குத்துகிற ஊக்கிலேயே இன்னொரு சீட்டும் குத்தினாள். மேலே, “இந்தச் சட்டையை உங்களுக்கு முன்னால் யார் போட்டிருந்தார்கள்?” கீழே, “ஞாயிறு வரை பாதி விலை.” ஓரத்தில் ஒரு கறுப்புக் கட்டம், போனை அதன்மேல் காட்டினால் புத்தகம் திறக்கும். கீழ்வரியை எத்தனை பேர் படித்தார்களோ தெரியாது, மேல்வரியைப் படித்த மாப்பிள்ளை ஒருவர் கல்யாணக் கோட்டைத் திருப்பிக் கொண்டுவந்து மேசையில் எறிந்தார். முதலாளி அவளைக் கூப்பிட்டுத் திட்டினார். அவள் அவரிடம் கேட்டது: “பயந்தாருல்ல?”

அதுதான் அவளுக்கு வேண்டும். நன்றாக இருக்கிறது என்று எவராவது சொன்னால் விடமாட்டாள். “எந்த எடத்துல பயந்தீங்க? சட்டை பேசற எடத்துலயா, அதுக்கு முன்னாடியேவா?” வங்கிக் காவலாளி ஒருவர் நல்ல மனசோடு, படுத்துக்கொண்டே படித்தேன், அருமையாகத் தூக்கம் வந்தது என்றார். அவர் துணியை அந்த வாரம் கடைசியாகத்தான் கொடுத்தாள். ஓர் ஆசிரியை மூன்று எழுத்துப்பிழை இருப்பதாக எழுதி, நான்கு நட்சத்திரம் போட்டாள். அந்த ஐந்தாவது எங்கே போனது என்று என் மருமகள் ஒரு வாரம் புலம்பினாள். இப்படியாக ஆறு மாதத்தில் பதினொரு பேர் எழுதினார்கள். காலையில் பல் துலக்குமுன் அந்தப் பதினொன்றையும் எண்ணிப் பார்ப்பாள்.

அப்போதுதான் தையல்காரியும் ஒரு பேய்க்கதையை ஏற்றினாள். ஆளில்லாமல் ஓடுகிற தையல் மெஷின். இரண்டே மாதத்தில் அறுபத்து மூன்று பேர் எழுதிவிட்டார்கள். “அதுல பாதி அவ நாத்தனார் குடும்பம் அத்தை” என்றாள் என் மருமகள். “பேயா அது? அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு. எங்கயும் இறுக்கவும் இல்ல, புடிக்கவும் இல்ல.” மதியச் சாப்பாடு தனித்தனியானது. அவள் பாதி விலை என்றால் இவள் கால் விலை என்றாள். இவள் கால் விலை என்றால் அவள் ஒருநாள் இலவசம் என்றாள். கடைசியில் இரண்டு பேய்களும் இலவசமாகக் கிடைத்தன. தெருவில் எல்லோரும் இரண்டையும் இறக்கி வைத்துக்கொண்டு இரண்டையும் படிக்கவில்லை.

அந்த இலவச நாள் முடிந்த மறுநாள் காலை எண்ணியபோது பன்னிரண்டாவது ஒன்று சேர்ந்திருந்தது. ஒற்றை நட்சத்திரம். கீழே ஒரு வார்த்தை இல்லை. போட்டவர் பெயர் ‘கஸ்டமர்’.

வாளியில் தண்ணீர் நிரம்பி வழிந்துகொண்டிருக்க, குளியலறை வாசலிலேயே போனைப் பிடித்தபடி நின்றாள். தையல்காரிக்கு வாய் திறந்தால் கஸ்டமர்தான். என் கஸ்டமர் சொன்னாங்க, என் கஸ்டமர் வந்தாங்க. அது போதாதா இவளுக்கு? தலையைக்கூட வாராமல் எதிர்க்கடைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். அங்கே நாலைந்து பெண்கள் துணியோடு உட்கார்ந்திருந்தார்கள்.

“ஒனக்கு அறுபத்து மூணு இருக்கு. என்னோட பதினொண்ணு ஒன் கண்ண உறுத்துதா?”

தையல்காரி கத்திரிக்கோலைக் கீழே வைத்தாள். தான் எதுவும் போடவில்லை என்றாள். போடத்தான் நினைத்ததாகவும், நாலு தடவை போனை எடுத்ததாகவும் சொன்னாள். பிறகு சொன்னதைத்தான் நான் மறக்கவில்லை.

“நல்லா இருக்குன்னு எழுத எனக்குக் கை வரல. அவ்வளவு நல்லா இருந்துச்சு. நான் செஞ்ச தப்பு அதுதான். இந்தத் தப்ப நான் செய்யல.”

“நடிக்காத” என்று சொல்லிவிட்டு இவள் வந்துவிட்டாள். அந்த ஒரு வார்த்தைதான் தெரு முழுக்கப் பரவியது. இவளுக்குப் பேய்க்காரி என்று பெயரும் வைத்தார்கள்.

அதன்பிறகு ஒன்பது நாள். சோறு இறங்கவில்லை அவளுக்கு. ஒற்றை நட்சத்திரம் வந்ததும் அந்தக் கடை அவள் புத்தகத்தைப் பின்னால் தள்ளிவிட்டது என்றாள். அதைவிட, பதினைந்து வருஷம் ஒன்றாகச் சாப்பிட்டவள் இப்படிச் செய்தாளே என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். பத்தாம் நாள், சனிக்கிழமை சாயங்காலம், ஆறுதலாக இருக்கட்டும் என்று நான் வாயைத் திறந்தேன். ஊர் போடாவிட்டால் போகட்டும், நான் ஒன்று போட்டிருக்கிறேனே என்றேன்.

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

கடைக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போதெல்லாம், வருகிறவர்களுக்கு அவள் சீட்டைக் காட்டிச் சொல்லிக்கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். போனைக் கட்டத்தின்மேல் காட்டு, சட்டைப் படம் வரும், கீழே நட்சத்திரத்தைத் தொடு, பச்சைப் பட்டையை அழுத்து. இதற்குப் படிப்பு எதற்கு? இலவச நாளன்று மடித்த துணியிலிருந்து ஒரு சீட்டை எடுத்துவந்து, அவள் போட்ட கட்டுப்பாட்டை மீறி, என் போனில் நானே செய்தேன். அதை இப்போது அவள் கண்முன்னால் செய்துகாட்டினேன். சட்டைப் படத்தின் கீழே ஐந்து நட்சத்திரம். முதலாவது மட்டும் மஞ்சள். பக்கத்தில் பெயர். அந்த எழுத்தை எனக்கு வாசிக்கத் தெரியாது. அவள் வாசித்தாள். போன் விற்ற கடைக்காரன் என் பெயரைக் கேட்கச் சோம்பி, தானே ஏதோ எழுதி முடித்துக் கொடுத்திருந்தான்: ‘கஸ்டமர்’.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“மிச்சம் நாலு ஏன் அத்தை விட்டீங்க?”

“ஒரு ஆளுக்கு ஒண்ணுதானேம்மா. மத்தவங்க பங்கையும் நானே எடுத்துக்கிட்டா, பின்னால வர்றவங்க எங்க போடுவாங்க?”

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் பாதத்தின்மேல் கையை வைத்தாள். என் மகன் வந்து, அதை ஒரு நிமிஷத்தில் எடுத்துவிடலாம், ஐந்தாகக்கூட மாற்றிவிடலாம் என்று போனை வாங்கினான். அவள் தடுத்தாள். முதலில் தையல்காரியைப் பார்த்துவிட்டு வரவேண்டும், இப்போதே எடுத்தால் மறைத்ததுபோல் ஆகிவிடும் என்றாள். இந்த இடத்தில், நான் சொல்லச் சொல்ல எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறான் அவன். நிறுத்தாதேடா, எழுது.

ஞாயிற்றுக்கிழமை காலை. கடைகளில் தையல்கடை மட்டும் திறந்திருந்தது. இவன் குளித்துக்கொண்டிருந்தான். அவள் தலை வாரி, வெளுத்த சேலை ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டாள். என்ன சொல்லப்போகிறாய் என்று கேட்டேன். “எங்க வீட்லருந்துதான் போச்சு, மன்னிச்சுக்கோன்னு சொல்லப் போறேன்” என்றாள். யார் போட்டது என்று கேட்டால்? சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

நானும் வருகிறேன், நான்தான் போட்டேன் என்று எல்லார் முன்னாலும் நானே சொல்கிறேன் என்று எழுந்தேன்.

“வேணாம் அத்தை. நாளைலருந்து கடத்தெருவுக்கு நீங்க காய் வாங்கப் போகணும். ஒங்களப் பாத்துச் சிரிச்சா எனக்குத் தாங்காது. என்னப் பாத்துச் சிரிச்சா பழகிப்போச்சு.”

நான் சொன்னால் சொன்னதுதான். செருப்பைத் தேடினேன். ஒன்று கிடைத்தது, இன்னொன்று அலமாரிக்கடியில் கிடந்தது. குனிந்து அதைக் காலால் இழுப்பதற்குள் அவள் வாசற்படியைத் தாண்டியிருந்தாள். தெருவில் மாடி வீட்டம்மா துணி உதறுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள். என் மருமகள் ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கதவைச் சாத்தி, வெளியில் தாழ்ப்பாளைப் போட்டு, நான் திறந்துவிட முடியாதபடி விழுந்திருக்கிறதா என்று ஒரு தரம் இழுத்துப் பார்த்தாள்.