சக்கரத்துக்குப் போட்ட சட்டை

உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் ரைஸ்மில் வேலைக்குத் தினமும் சைக்கிள்தான். கார்த்திகை மாத எதிர்க்காற்றில் மிதித்து மிதித்துக் கால் ஓய்ந்துபோனது. டிவியில் ஒரு சைக்கிள் பந்தயம் பார்த்தேன். அதில் கம்பியே தெரியாத, மூடிய சக்கரங்கள் பறந்தன. கிழிந்த ஃபிளெக்ஸ் பேனரை வெட்டி என் இரண்டு சக்கரங்களையும் அப்படியே மூடினேன். உண்மையில் கொஞ்சம் இலேசாகத்தான் ஓடியது.

வழியிலுள்ள ஏரிக்கரை மேல் ஏறியதும் பக்கவாட்டுக் காற்று என்னைச் சைக்கிளோடு தண்ணீர்ப் பக்கம் தள்ளியது. எனக்கு நீச்சல் தெரியாது. சரிவிலிருந்த வேலிகாத்தான் முள்ளில் மாட்டியதால் பிழைத்தேன்.

நெளிந்த ரிம்மை நிமிர்த்திய சைக்கிள் கடை பாய், "காத்து போற வழிய அடைச்சிக்கினா, அது உன்னியே தள்ளிக்கினுதான் போவும் நைனா" என்றார்.

பேனரைக் கழற்றிவிட்டேன். இப்போது காற்று பலமாக அடித்தால் கரையில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டே நடக்கிறேன். தாமதத்துக்கு மில்லில் திட்டுகிறார்கள். உயிரோடு நின்று வாங்கிக்கொள்கிறேன்.