கள்ளியைச் சுற்றி ஒரு தக்காளிக் கிரேட்

ஓசூருக்குக் குடிவந்த புதிதில் நர்சரியில் ஒரு கள்ளி வாங்கினோம். கிளையில்லாமல் தூண்போல நேராக நிற்கும் வகை. தொட்டியோடு சேர்த்து ஒரு முழம் வராது. கர்ப்பத்தில் டாக்டர் என்னைப் படுத்தே இருக்கச் சொன்ன மாதங்களில், நான் கவனிக்காவிட்டாலும் வாடாமல் நின்றது அது ஒன்றுதான். அதனாலேயே அதைத் தூக்கிப்போட மனம் வரவில்லை.

மகள் தவழத் தொடங்கியதும் பயம் பிடித்துக்கொண்டது. இந்த வாடகை வீட்டில் வெயில் விழுவது ஜன்னலுக்குக் கீழே தரையில் மட்டும். கள்ளியைப் பீரோ மேல் ஏற்றினேன். வெளிச்சமில்லாமல் உச்சி வெளிறி, பென்சில்போல மெலிந்து வளர்ந்தது. மறுபடியும் இறக்கினேன்.

ராயக்கோட்டையிலிருந்து வந்திருந்த மாமியார் பார்த்துவிட்டார்.

“ஏம்மா, நடு வீட்ல முள்ளு வெச்சிக்கினு! கொழந்த நாளைக்கே எதையாவது புடிச்சிக்கினு எழுந்து நிக்கும்.”

“பாத்துக்கறேன் அத்தை.”

கணவர் ஷிப்ட் முடிந்து வரும்போது கம்பெனியில் வீணான ஃபோம் ஷீட் கொண்டுவந்தார். “இந்தா, உன் பெரிய புள்ளைக்கு ஸ்வெட்டர்.” சுற்றிக் கட்டினேன். மண் கண்ணுக்குத் தெரியவில்லை. தண்ணீர் ஊற்றினேனா என்ற சந்தேகத்திலேயே திரும்பத் திரும்ப ஊற்றியிருக்கிறேன். பிரித்தபோது மண் சொதசொதவென்று இருந்தது, செடியின் அடி மஞ்சளாகியிருந்தது. காயவிட்டேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

பிறகு ஊர் திரும்பிய மாமியார், மண்டியில் இரவல் வாங்கிய கிரேட்டில் பஸ்ஸில் தக்காளி அனுப்பினார். அந்தப் பிளாஸ்டிக் கிரேட்டை நெட்டுக்குத்தாக நிறுத்தி, திறந்த பக்கத்தைச் சுவரோடு ஒட்டி, கள்ளியை உள்ளே வைத்தேன். இடுக்குகள் வழியே வெயிலும் காற்றும் போயின. குழந்தையின் கை முழுதாக நுழையாது. விரல்?

ஒரு மதியம் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். திரும்பினால், மகள் கிரேட்டைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். முதன்முதலாக. விரல்கள் இடுக்குக்குள். அடுப்பை அணைக்காமல் ஓடி, ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பார்த்தேன். முள் எதுவும் இல்லை. அவள் சிரித்துக்கொண்டே பொத்தென்று உட்கார்ந்தாள்.

“வீடியோ எடுத்தியா?” என்றார் கணவர் மாலையில்.

“விரலைப் பாத்துட்டு இருந்தேன்.”

மாமியாருக்குப் போன் செய்தேன்.

“எதப் புடிச்சி நின்னா?”

“கிரேட்டை.”

“அத இன்னும் அனுப்பலயா? மண்டிக்காரன் கேட்டுக்கினே இருக்கான்.”

“அனுப்பறேன் அத்தை,” என்றேன். அனுப்பிவிட்டால் கள்ளியை எங்கே வைப்பது என்று யோசிக்க அன்று தெம்பில்லை.