ஈழத்தலரிக்குக் கீழே என் பெயர்

எனக்கு எழுபத்தெட்டு வயது. வளர்த்தது ஆறு பிள்ளைகள். பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்பு வரைதான். ஆனாலும் போன கிழமை, லண்டன் இல்ஃபோர்டிலிருந்து ரயில் மாறிப் போன அந்தப் பெரிய கண்ணாடித் தோட்டத்தில், பேத்தி ஒரு மரத்தடிப் பெயர்ப்பலகையை வாசிக்க வாய் திறக்குமுன்பே நான் சொல்லிவிட்டேன்.

"ப்ளூமேரியா. ப்ளூமியே எண்டது ஒரு பிரெஞ்சுக்காரன்ர குடும்பப் பெயர்."

"அம்மம்மா! உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

எங்களுக்கு அந்த மரம் ஈழத்தலரி. மூன்றாம் வகுப்பு வாத்தியார் ஆளுக்கொரு கொப்பு தந்து, பள்ளிக்கூட வளவில் நடச் சொல்லி, எவருடையது முதலில் பூக்கிறதோ அவர் பெயரை அங்கே நிறுத்தியிருந்த மரப்பலகையில் எழுதுவதாகச் சொன்னார். பலகையில் ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது: ப்ளூமியே. தீவு தீவாகப் போய்ச் செடிகொடிகளை வரைந்த பழங்காலத்துப் பிரெஞ்சுத் துறவியாம். எங்கள் மரத்தில் தன் பெயரை எழுதிவிட்டுப் போன அந்த மனுசன்மேல் எனக்குச் சரியான கோபம். அவனுக்குக் கீழே என் பெயரும் வரவேண்டும்.

மற்றவர்கள் அன்றைக்கே நட்டு, இரண்டு நேரமும் தண்ணீர் ஊற்றினார்கள். நான் கொப்பைக் கோழிக்கூட்டின்மேல் போட்டு வைத்தேன். காற்றில் முறிந்து வேலியோரம் காய்ந்து கிடந்த கொப்பு துளிர்த்ததை நான் கண்டிருந்தேன்.

"என்னடி, விறகுக்கே?" என்று அண்ணை சிரித்தார்.

"பொறுத்துப் பாருங்கோ."

வெட்டுவாய் நன்றாகக் காய்ந்த பிறகு நட்டேன். அதற்குள் மற்றக் கொப்புகள் அடி அழுகிச் சரிந்துவிட்டன.

அடுத்த வருடம், தம்பியைப் பார்க்க ஆளில்லையென்று என்னைப் பள்ளிக்குப் போகவிடாமல் வீட்டில் மறித்துவிட்டார்கள். வாத்தியாரும் மாற்றலாகிப் போய்விட்டார். ஒருநாள் அண்ணை ஓடிவந்தார்.

"உன்ர அலரி பூத்திட்டுதடி! வந்து பார்!"

தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள். பலகையில் பிரெஞ்சுக்காரனுக்குக் கீழே, ஆணியால் கீறிய கோணல் எழுத்தில் என் பெயர்! மரத்தை மூன்றுமுறை சுற்றி வந்தேன். சொன்ன சொல்லைக் காப்பாற்ற வாத்தியார் எங்கிருந்தோ வந்து எழுதியிருக்கிறார் என்று நம்பினேன். அண்ணையின் பெருவிரலில் துணி சுற்றியிருந்தது. ஏனென்று நான் கேட்கவில்லை.

கண்ணாடித் தோட்டத்தில் பேத்தி போனில் தேடிப் பார்த்துச் சொன்னாள்: அந்தத் துறவியும் தன் பெயரைத் தானே வைக்கவில்லையாம், அவரை மதித்த இன்னொருவர் வைத்ததாம்.

நான் சொன்னதெல்லாம் எழுதிவிட்டாயா, பிள்ளை? இப்ப வாசி. அண்ணையின்ர விரல் வாற இடத்தை மட்டும் ரெண்டு தரம் வாசி.